மூலன் உடம்பு

“தம்பி, இதுக்கு ஆயுசு முடிஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டாங்க. உடம்பு நல்லாத்தானே இருக்கு?”

2024 ஐப்பசி அடைமழையில், பாலிதீன் பையில் போட்டு மேல்துண்டில் சுற்றி எடுத்து வந்த போனை மேசையில் வைத்துவிட்டு ஓதுவார் ஐயா கேட்டது இது. குத்தாலம் கடைத்தெருவில் 17 வருஷமாக செல்போன் பழுது பார்க்கிறேன். எவ்வளவு ஆகும், எப்போ கிடைக்கும் என்ற இரண்டு கேள்விகளோடுதான் ஆட்கள் வருவார்கள். உடம்பையும் ஆயுசையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்டவர் அவர் ஒருவர்தான். “சாஃப்ட்வேர்தான் ஐயா உயிர். அதைக் கம்பெனிக்காரன் நிறுத்திட்டான். நான் வேற உயிர் போட்டுத் தரேன்” என்றேன். அந்தப் பதில் தப்பு என்று பத்து நாளில் புரிந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

போன், போக்கோ எஃப்1. சென்னையில் வேலை பார்க்கும் மகன் 2018 தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்தது. அந்த வருஷம் ஆகஸ்டில் அது டெல்லியில் அறிமுகமானபோது, தொழிலில் இருந்த நாங்கள் விலையைக் கேட்டு நம்பவில்லை. ஸ்னாப்டிராகன் 845 அந்த ஆண்டின் முதல் வரிசைச் சிப். அதே சிப் போட்ட ஒன்பிளஸ் 6 விற்ற விலை 34,999 ரூபாய். போக்கோவோ 20,999-க்கு வந்தது. 6 ஜிபி ராம், 4000 எம்ஏஎச் பேட்டரி, சிப்பின் சூட்டை இழுத்துக்கொள்ள உள்ளே மெல்லிய செப்புக் குழாய். அதற்கு நாலு வருஷம் முன்னால், 2014-இல், ஒன்பிளஸ் ஒன் 21,999 ரூபாய்க்கு வந்து இதே வேலையைச் செய்தது. இரண்டு போன்களும் ஒரு விஷயத்தை நிரூபித்தன. நல்ல மூளை பணக்காரன் பைக்கு மட்டும் உரியது இல்லை.

போக்கோவில் மிச்சம் பிடித்த இடம் உடம்பு. முதுகுக்குக் கண்ணாடி போடாமல் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் போட்டார்கள். பார்க்க மலிவாக இருக்கிறது என்று அன்றைக்குப் பலர் குறை சொன்னார்கள். என் மேசையில் உட்கார்ந்து பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். கண்ணாடி முதுகு வைத்த போன் இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் மூலை குத்தி விழுந்தால் பெரும்பாலும் நட்சத்திரம் விழும். பிறகு தினம் ஒரு கோடாக அது வளரும். பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும், கீறிக்கொள்ளும், உடையாது. ஐயாவின் போன் டிவிஎஸ் 50-லிருந்து ஒரு தடவையும், கோயில் படிக்கட்டில் இரண்டு தடவையும் விழுந்திருக்கிறது. வலது கீழ் மூலை உப்புத்தாளில் தேய்த்ததுபோல் இருந்தது. அவ்வளவுதான்.

கீழ்ப்பக்கம் ஸ்பீக்கர் துளைகளில் வெள்ளையாக ஏதோ கெட்டித்துப் போயிருந்தது. டூத் பிரஷால் தட்டினேன். திருநீறு. ஆறு வருஷமாகச் சந்நிதியில் சுருதிப் பெட்டிக்குப் பதிலாக அந்த போனைத்தான் அவர் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார். தட்டி விழுந்ததைக் குப்பையில் தள்ள மனம் வரவில்லை. விரலால் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டேன்.

இனி ‘ஆயுசு’ என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். இந்த போன் ஆண்ட்ராய்டு 8.1-ஓடு பிறந்தது. 9 வந்தது, 10 வந்தது. அதோடு தயாரிப்பாளர் கையைக் கழுவிவிட்டார். பிறகு கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. சிப் ஓடுகிறது, திரை மின்னுகிறது, மைக் கேட்கிறது. ஆனால் பழையது என்று முத்திரை குத்தியாயிற்று. என் அப்பா ரேடியோ மெக்கானிக். அவர் மேசையில் ஒரு வால்வு செட் செத்தது என்றால் உள்ளே ஏதோ ஒன்று நிஜமாகவே கருகியிருக்கும். அதை மாற்றினால் பாடும். ஒன்றும் கருகாமலே ஒரு சாமான் சாகும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் அப்பாவுக்குப் புரிந்திருக்காது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூனிலிருந்து, விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து வருஷம் இயங்குதளப் புதுப்பிப்பு தர வேண்டும் என்று விதி போட்டிருக்கிறது. கூகுளும் சாம்சங்கும் தங்கள் விலை உயர்ந்த மாடல்களுக்கு ஏழு வருஷம் என்று வாக்குக் கொடுத்திருக்கின்றன. நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே விற்றுவிட்ட கோடிக்கணக்கான உடம்புகளுக்கு இதில் ஒன்றும் இல்லை.

எங்கள் கடையிலிருந்து கொஞ்ச தூரத்தில் திருவாவடுதுறை. கயிலையிலிருந்து அகத்தியரைப் பார்க்கப் பொதிகை மலைக்குப் போய்க்கொண்டிருந்த சித்தர் ஒருவர், அங்கே காவிரிக் கரையில் ஒரு காட்சி கண்டார் என்பது பெரிய புராணத்தில் சேக்கிழார் சொல்லும் வரலாறு. சாத்தனூரைச் சேர்ந்த மூலன் என்கிற இடையன் மேய்ச்சலில் இறந்து கிடக்கிறான். பசுக்கள் அவனைச் சுற்றிச் சுற்றி வந்து, மோந்து, கதறுகின்றன. சித்தர் தன் உடம்பை ஓரிடத்தில் பத்திரமாக விட்டுவிட்டு மூலன் உடம்பில் புகுந்தார். மூலன் எழுந்தான், மாடுகள் துள்ளின. சாயங்காலம் அவை வீடு போய்ச் சேரும் வரை பின்னாலேயே நடந்தார். திரும்பி வந்து தேடினால் சொந்த உடம்பைக் காணோம். இறைவன் செயல் என்று உணர்ந்து இடையன் உடம்பிலேயே தங்கிவிட்டார். திருமூலர் அவர்தான்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்பதை மாயாஜாலக் கதையாகக் கேட்பதில்லை. பக்கத்து ஊர்ச் சமாசாரமாகக் கேட்டு வளர்கிறோம். மாற்று இயங்குதளம் போடுவதை நான் முதல் தடவை கற்றபோது மனசில் வந்தது இந்தக் கதைதான். ஓதுவார் ஐயாவிடம் அதைச் சொன்னேன். அவர் உடனே, “சரி தம்பி, மூலன் பெண்சாதி என்ன ஆனா?” என்றார்.

அப்போது பதில் சொல்லாமல் வேலையை ஆரம்பித்தேன்.

நான் போட இருந்தது லினேஜ். 2009-இல் ஸ்டீவ் கோண்டிக் தொடங்கிய சயனோஜென்மாட் என்கிற இயங்குதளத்தின் வழி வந்தது. முதலில் ஆர்வலர்கள் கூடிச் செய்தார்கள், பிறகு அது கம்பெனி ஆனது. மேலே சொன்ன ஒன்பிளஸ் ஒன் அதை ஏந்தித்தான் பிறந்தது. 2016 டிசம்பரில் கம்பெனி கடையைச் சாத்தியதும், கூலி வாங்காமல் வேலை செய்தவர்கள் அதே நிரலை எடுத்துக்கொண்டு லினேஜ் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். லினேஜ் என்றால் வழிவழி வருவது, பரம்பரை. ஒரு கூடு இடிந்ததும் வேறு கூட்டில் புகுந்து பிழைத்த இயங்குதளம் அதுவே. உலகத்தின் எங்கோ மூலையில் யாரோ ஒருவர், தன்னிடம் இருக்கும் ஒரு பழைய போக்கோவுக்காக ராத்திரி கண்விழித்து எழுதுகிறார். அது குத்தாலத்தில் ஒரு ஓதுவாருக்குக் கிடைக்கிறது. இதை நான் தர்மம் என்றுதான் சொல்வேன். அன்னசத்திரம் கட்டினவர்களும் வருபவன் யாரென்று பார்த்துக் கட்டவில்லை.

புதிய உயிர் புக வேண்டுமானால் முதலில், வேறு இயங்குதளம் ஏறவிடாமல் தடுக்கும் பூட்லோடர் பூட்டைத் திறக்க வேண்டும். தயாரிப்பாளரின் கணக்கில் போனைப் பதிந்துவிட்டுக் காத்திருக்கச் சொல்கிறார்கள். எங்களுக்கு 168 மணி நேரம் என்று காட்டியது. ஏழு நாள். அதற்குள் பேட்டரியை மாற்றினேன். பின்மூடியின் ஓரங்களை ஹீட் கன்னால் சுற்றிச் சுற்றிச் சூடுகாட்டி, பழைய ஏடிஎம் கார்டை நறுக்கிச் செய்த தகட்டை ஒரு மூலையில் நுழைத்து, பசை இளக இளக நகர்த்திக்கொண்டே போனால் மூடி வந்துவிடும். அவசரப்பட்டால் கைரேகை சென்சாரின் ரிப்பன் அறுந்துபோகும். உள்ளே போர்டு புதுசுபோல் இருந்தது. உப்பு இல்லை, துரு இல்லை. ‘பிஎம்4ஈ’ என்று எழுதிய பழைய பேட்டரியைக் கழற்றிப் புதியதை வைத்தேன். ஆறு வருஷம் உழைத்த உடம்புக்குள் அத்தனை சுத்தத்தைப் பார்க்கும்போது, இதைக் குப்பை என்று சொன்னவர்கள்மேல் கோபம் வந்தது. ஒரு போன் தன் வாழ்நாளில் பூமிக்குச் செய்கிற கெடுதலில் பெரும்பங்கு அதைச் செய்யும்போதே நடந்துவிடுகிறது. தோண்டுவது, உருக்குவது, சிப் வார்ப்பது எல்லாம் அதில் சேரும். அந்தப் பாவத்தை ஏற்கெனவே செய்தாயிற்று. அதற்கு ஈடாகக் கிடைத்த உடம்பை மூன்று வருஷத்தில் எறிவது அடுத்த பாவம்.

பூட்டைத் திறந்தால் போனில் இருப்பதெல்லாம் அழிந்துபோகும். திருடன் பூட்டைத் திறந்து உள்ளே இருப்பதைப் படித்துவிடக் கூடாது என்று வைத்த ஏற்பாடு. ஆகவே ஏழாம் நாள் ராத்திரி எல்லாவற்றையும் யூஎஸ்பி வயர் போட்டுக் கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்தேன். படங்கள், வாட்ஸ்அப், பிறகு ஒலிப்பதிவுகள். மொத்தம் 43. ஐயாவின் ஆசிரியர் 2019 முதல் 2021 வரை பாடம் சொன்ன குரல். ஊரடங்கில்கூடத் திண்ணையில் நாலடி தள்ளி உட்கார்ந்து கேட்டுப் பதிந்தது. 2021-இல் ஆசிரியர் காலமானார். 43-ம் வந்துவிட்டதா என்று எண்ணினேன். ஒன்றிரண்டைப் போட்டுக் கேட்டேன். பூட்டைத் திறந்தேன். லினேஜ் 21-ஐ ஏற்றினேன். ஆண்ட்ராய்டு 14. முதல் தடவை எழும்ப நேரம் எடுத்தது. வளைந்த கோட்டின்மேல் ஒரு வட்டம் உருண்டுகொண்டே இருந்தது, பிறகு திரை விரிந்தது. பசுக்கள் துள்ளின என்று நினைத்தேன்.

ஐயா வந்தார். திரையைத் தள்ளிப் பார்த்தார், முகம் மலர்ந்தது. பதிவுகளைத் திறந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“தம்பி, தேதி எங்க?”

எல்லாப் பதிவிலும் ஒரே தேதி. நான் நகல் எடுத்த நாள். அவர் ஒவ்வொன்றுக்கும் பதிகத்தின் முதற்சொல்லைப் பெயராக வைத்திருந்தார். எந்தப் பாடம் எந்த நாள் என்பது கோப்பின் தேதியில் மட்டும் இருந்தது. அந்த வயர் வழியாக நான் எடுத்த முறையில் அந்தத் தேதி போய்விட்டது. குரல் வந்தது, நாள் வரவில்லை. ஆசிரியர் எதற்குப் பின் எதைச் சொல்லிக்கொடுத்தார், கடைசியாகச் சொன்ன பாடம் எது என்கிற வரிசை, என் அவசரத்தில் அழிந்தது. ஏழு நாள் கையில் இருந்தும் ஐயாவை உட்காரவைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது முழுக்க என் தவறு.

மூலன் பெண்சாதி என்ன ஆனாள் என்ற கேள்விக்கு வருகிறேன். அவளுக்குப் புராணத்தில் பெயர்கூட இல்லை. மாலையில் கணவனைத் தேடி வருகிறாள். அதே முகம், அதே உடம்பு. அருகே வந்தவளைத் திருமூலர் விலக்குகிறார். உனக்கும் எனக்கும் உறவில்லை என்கிறார். மறுநாள் ஊர்ப் பெரியவர்களிடம் முறையிடுகிறாள். அவர்கள் வந்து பார்த்து, இவர் யோகத்தில் இருக்கிறார், இனி உன்னோடு வாழ மாட்டார் என்கிறார்கள். நொறுங்கிப்போனவளை உறவினர்கள் தேற்றி அழைத்துப் போகிறார்கள். அதற்குமேல் அவளைப் பற்றிப் பேச்சில்லை. பசுக்களின் அழுகை நின்றது, அவளுடையது தொடங்கியது. உடம்பு பிழைத்தால் போதும் என்று நினைக்கிறவன் அவளை மறந்துவிடுகிறான். நான் மறந்தேன்.

சாஃப்ட்வேர்தான் உயிர் என்று நான் சொன்னது இங்கேதான் தப்பாகிறது. சைவ சித்தாந்தத்தில் தனு, கரணம், புவனம், போகம் என்று நான்கு சொல்வார்கள்: உடம்பு, மனம் முதலான கருவிகள், உலகம், நுகர்ச்சி. நான்கும் மாயையிலிருந்து வருபவை. உயிருக்கு இறைவன் கொடுத்தவை. நினைக்கிற மனம்கூடக் கருவிதான், உயிர் இல்லை. அப்படிப் பார்த்தால் சிப் தனு, இயங்குதளம் கரணம். இரண்டும் கருவிகளே. உயிர் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அது அந்தக் கருவிகளைக் கொண்டு ஒரு மனுஷன் சேர்த்துவைத்தது: ஆசிரியரின் குரல், அது கேட்ட நாள். இது தெரிந்திருந்தால் முதலில் கை வைத்திருக்க வேண்டிய இடம் பேட்டரி இல்லை என்று புரிந்திருக்கும்.

லினேஜ் போட்டபின் வங்கிச் செயலி வேலை செய்யவில்லை. போன் எழும்பும்போதே திரையின் கீழே, பூட்டுத் திறந்திருக்கிறது என்ற எழுத்து வருகிறது. தயாரிப்பாளர் கையெழுத்திட்ட அமைப்பு உள்ளே இல்லை என்று கண்டுகொண்டு வங்கிச் செயலி கதவைச் சாத்திவிடுகிறது. முகம் மூலன்தான், உள்ளே இருப்பவர் வேறு என்று அதற்குத் தெரிகிறது. இதை மறைக்க வழிகள் உண்டு, பலர் செய்கிறார்கள். நான் செய்து கொடுப்பதில்லை. திருமூலர் மூலன் உடம்பில் இருந்தார். ஆனால் மூலனாக நடித்து அந்தப் பெண்ணோடு ஒரு நாளும் வாழவில்லை. இரவல் உடம்பில் இருப்பவனுக்கு அந்த நேர்மை கட்டாயம். பணம் போட்டு எடுக்க ஐயா வங்கிக்கே போகிறார்.

இன்னொன்றையும் வாடிக்கையாளர்களிடம் மறைப்பதில்லை. புதிய இயங்குதளம் வந்தாலும் மோடம், சிப் இவற்றின் அடிநிலை மென்பொருள் தயாரிப்பாளர் விட்டுப்போன இடத்திலேயே நிற்கிறது. அதை வெளியாட்கள் திருத்த முடியாது. உடம்பு எடுத்த பிறகு அனுபவித்துத் தீர்க்க வேண்டியதைப் பிராரத்தம் என்பார்கள். ஞானியின் உடம்புக்கும் அது உண்டு. மூலன் உடம்பில் சித்தர் புகுந்ததால் அந்தக் கால்களில் மாடு மேய்த்த வெடிப்பு மறைந்திருக்காது.

உடம்பைப் பற்றி எங்கள் மரபில் இரண்டு குரல்கள் உண்டு. பட்டினத்தார் அதன் அழிவையும் இழிவையும் சொல்லிச் சொல்லித் தள்ளினார். கீதை உடம்பைக் கழற்றிப்போடும் பழந்துணிக்கு ஒப்பிடுகிறது. திருமூலரோ, முன்பு உடம்பை இழுக்கென்று எண்ணியவர், உள்ளே இறைவன் குடியிருப்பதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கினார். இரவல் உடம்பில் இருந்தவர் சொன்னது என்பதால் எனக்கு இந்தக் குரல்மேல் நம்பிக்கை அதிகம். வருஷத்துக்கு ஒரு போன் மாற்றுகிறவர்கள் பட்டினத்தார் மாதிரி உடம்பைத் தள்ளுகிறார்கள். ஆனால் அவரிடம் இருந்த துறவு அவர்களிடம் இல்லை. ஆசைக்காகத் தள்ளுவதற்குத் தத்துவத்தைத் துணைக்கு அழைக்க முடியாது.

பக்கத்தில் நரசிங்கம்பேட்டை. நாகஸ்வரம் செய்கிற ஊர். 2022-இல் அந்த நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசித்த பாரி நாகஸ்வரம் அங்கே ரங்கநாதன் ஆசாரி கையில் உருவானது. வாத்தியத்துக்கு ஆச்சா மரம் வேண்டும், அதுவும் பல காலம் காய்ந்த மரமாக இருக்க வேண்டும். ஆகவே இடிக்கிற பழைய வீடுகளின் தூணையும் உத்தரத்தையும் வாங்கி வருவார்கள். மூன்று தலைமுறை கூரையைத் தாங்கிய மரம் ஈரம் முழுக்க வற்றிய பிறகு மூச்சைத் தாங்கத் தயாராகிறது. பச்சை மரம் வெடித்துவிடும். பழசு என்பதே அங்கே தகுதி.

அதற்காக வருகிற எல்லா போனுக்கும் வேறு இயங்குதளம் போட்டுவிடுவதில்லை. போர்டில் தண்ணீர் புகுந்து அரித்துப்போன போனை விட்டுவிடச் சொல்வேன். வங்கிக் கணக்கே போனில்தான் என்கிற சிறு வியாபாரியிடம் வேண்டாம் என்பேன். வேடிக்கைக்காகக் கேட்கும் கல்லூரிப் பையனிடம், உன் போனுக்குப் புதுப்பிப்பு வருகிறவரை அதிலேயே இரு என்பேன். சித்தர் வித்தை காட்டக் கூடு பாயவில்லை, நெடுநாள் வாழவும் பாயவில்லை. பசுக்கள் அழுதன, பாய்ந்தார். இந்த போன் எழுந்தால் யாருடைய அழுகை நிற்கும் என்று இப்போதெல்லாம் கேட்டுவிட்டுத்தான் ஹீட் கன்னை எடுக்கிறேன்.

ஓதுவார் ஐயா என்மேல் கோபப்படவில்லை. மூன்று சாயங்காலம் கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து 43 பதிவுகளையும் கேட்டார். கையில் நாற்பது பக்க நோட்டு. ஆரம்பத்துப் பாடங்களில் ஆசிரியர் ஓரடியை ஒரே மூச்சில் முடிக்கிறார். போகப்போக அடியின் நடுவே மூச்சு வாங்குகிறார். ஒரு பதிவில் தகரக் கூரையில் மழை. அது கார்த்திகை என்றார். இன்னொன்றில் ஆசிரியரின் பேத்தி தத்தித் தத்திப் பேசுகிறாள். அவளுக்கு அப்போது இரண்டு வயசு. ஒன்றை மட்டும் இரண்டு தடவை கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நாலு நிமிஷம்தான் ஓடும் பதிவு அது. அதன் பெயரை நோட்டில் கடைசியாக எழுதினார். 43-க்கும் வரிசை போட்டாயிற்று. அந்த வரிசை எண்ணையே கோப்புப் பெயர்களின் முன்னால் சேர்த்துக் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை.

மார்கழியில் அதே போன் பக்கத்தில் சுருதி பாட, அவர் சந்நிதியில் பாடினார். ஸ்பீக்கர் துளைகளில் மறுபடியும் திருநீறு சேர ஆரம்பித்திருக்கிறது.

பழைய போனை என்னிடமோ உங்கள் ஊரில் வேறு யாரிடமோ கொண்டுபோவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். அதில் இருக்கும் குரல்களை நீங்களே ஒரு தடவை கேளுங்கள். யாருடையது, எந்த நாள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிறகு கொடுங்கள்.